ரிச்சி தெருவின் மாடிக்கடை: கணினிக்குத் தெரியாமல் போன என் ஹார்ட் டிஸ்க்

முதலில் செலவுக் கணக்கு. ஆய்வுக்கு 300 ரூபாய், தரவு மீட்புக்கு 5,500, மீட்டதை ஏற்றிக்கொள்ள வாங்கிய புதிய 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குக்கு 6,800. ஆக 12,600 ரூபாய். மூன்று நாளில் தருகிறேன் என்றவர்கள் ஆறு நாள் எடுத்துக்கொண்டார்கள். இடையில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தேன். ஒரு முறைதான் எடுத்தார்கள். மாடிப்படி மிகக் குறுகல், என்னைப் போன்ற மூட்டுவலிக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இத்தனை குறையோடும் சென்னை ரிச்சி தெருவில் உள்ள அந்த மாடிக்கடைக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருகிறேன்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். இரண்டே பேர் வேலை செய்கிற இடம். கூட்டம் சேர்ந்தால் அவசரம் வரும், அவசரத்தில் யாருடைய டிஸ்க்காவது கெட்டுவிடும் என்பது அவர் அச்சம். அதை மதிக்கிறேன். ஆகவே, அவர் என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்பதை விரிவாக எழுதுகிறேன். இதே வரிசையில் வேலை செய்கிற கடை உங்கள் ஊரில் இருந்தால் அங்கேயே போகலாம்.

நான் செய்யாற்றில் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2009 முதல் 2019 வரை எங்கள் வட்டாரத்துத் தெருக்கூத்துகளை ஒரு சிறு கேமராவில் பதிவு செய்தேன். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆடுவார்கள். மணிக்கு ஏழரை ஜிபி என்ற கணக்கில் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 60 ஜிபி சேரும். 23 இரவுகள், 1.4 டெராபைட். என் கேமரா ஒவ்வொரு பதிவையும் 2 ஜிபிக்கு ஒன்றாக, அதாவது பதினாறு நிமிடத்துக்கு ஒன்றாக, வெட்டிவிடும். பெயரும் வெறும் எண்தான்: 00000, 00001 என்று போகும். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, நாள், ஊர், கூத்து, வேடம் கட்டியவர், எத்தனையாவது பகுதி என்று நானே பெயர் எழுதினேன். எழுநூற்றுச் சொச்சம் கோப்புகள். அர்ச்சுனன் தபசில் மரம் ஏறும் பகுதி எது, பதினெட்டாம் போரில் துரியோதனன் வருகை எது என்பதெல்லாம் அந்தப் பெயர்களில்தான் இருந்தன. அந்த வேடங்களைக் கட்டியவர்களில் நான்கு பேர் இப்போது உயிருடன் இல்லை.

அத்தனையும் ஒரே ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. மெமரி கார்டுகளை அழித்து மறுபடி மறுபடி பயன்படுத்தினேன். இரண்டாவது நகல் எடுக்கவில்லை. அது என் தவறு, பெரிய தவறு.

ஒரு கூத்து ஆசிரியரின் மகன் தன் தந்தையின் கர்ணன் வேடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வீட்டுக்கு வந்த நாளில்தான் இது நடந்தது. டிஸ்க்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது. உள்ளே தரவு பதியும் தட்டு சுழலும் ரீங்காரம் கேட்டது. ஏதோ இணைக்கப்பட்டது என்பதற்கான ஒலியைக் கணினியும் எழுப்பியது. ஆனால் டிரைவ்களின் வரிசையில் அது வரவில்லை. வந்தவருக்குக் காபி கொடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். வரவே இல்லை.

வீட்டில் நான் செய்தவற்றில் சில சரி, சில தவறு. சரியானதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்கே போக வேண்டிய தேவை இல்லாமல் பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும் என்று கடைக்காரரே பிறகு சொன்னார். கேபிளை மாற்ற வேண்டும். உள்ளங்கை அளவு டிஸ்க்குகள் பலவற்றில் இருக்கும் அகலமான, நடுவில் பள்ளம் விழுந்த செருகி இருக்கிறதே, அது எளிதில் ஆட்டம் கண்டுவிடும். பழைய கைபேசியின் சார்ஜர் கேபிள்கூட அந்தத் துளையின் அகலமான பாதியில் பொருந்தும். வேகம் குறையும், ஆனால் சோதித்துப் பார்க்கப் போதும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில சார்ஜர் கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டுமே இருக்கும், தரவுக்கான கம்பி இருக்காது. அப்படிப்பட்ட கேபிளில் விளக்கு எரியும், டிஸ்க் தெரியாது. நான் எங்கள் தெருப் புகைப்பட நிலையத்திலிருந்து சரியான கேபிளை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். பயனில்லை.

அடுத்தது மின்சாரம். பழைய யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி. நீல நாக்கு உள்ள யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு 900. நின்றிருக்கும் தட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் இத்தகைய டிஸ்க் ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். ஒரு போர்ட்டை நான்காகப் பிரிக்கும் மலிவான ஹப்பில் செருகினால் விளக்குக்குப் போதிய மின்சாரம் இருக்கும், தட்டுக்கு இருக்காது. மேசைக் கணினி என்றால் முன்புறத் துளைகளை விட்டுவிட்டுப் பின்புறத்தில் நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். என் தம்பி வீட்டு மேசைக் கணினியில் அதையும் செய்தேன். அங்கும் தெரியவில்லை. இரண்டு கணினி, இரண்டு கேபிள், நேரடி போர்ட். இவை மூன்றும் முடிந்தபின், நோய் டிஸ்க்கிலேயே இருக்கிறது என்று முடிவுக்கு வரலாம்.

அதன்பின் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்தேன். தொடக்கப் பொத்தானின்மேல் வலது சொடுக்கு வைத்தால் அந்தப் பட்டியலில் இருக்கும். வழக்கமாகச் சில நொடிகளில் திறப்பது, அன்று பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. கடைசியில் டிஸ்க் தெரிந்தது. 1863 ஜிபி என்று அளவு காட்டியது. 2 டெராபைட்டைக் கணினி தன் கணக்கில் எழுதினால் அதுதான் வரும், ஆகவே அளவு சரி. ஆனால் கோப்பு முறைமை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் முறை) என்ற இடத்தில், விண்டோஸின் வழக்கமான முறையான என்டிஎஃப்எஸ் என்று இருக்க வேண்டியதற்குப் பதில் ‘ரா’ என்று இருந்தது. டிஸ்க்கில் தரவு இருக்கும் பிரிவு நலமாக இருந்து, டி, ஈ என்று டிரைவைக் குறிக்கும் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால் ஓர் எழுத்தை ஒதுக்கி அங்கேயே பிரச்சினையை முடித்திருக்கலாம். ‘ரா’ என்றால் அப்படி இல்லை. உள்ளே தரவு இருக்கலாம், அதைப் படிக்கும் முகப்பு கணினிக்குப் புரியவில்லை என்று பொருள்.

அந்த நேரத்தில் திரையில் ஒரு பெட்டி எழுந்தது. இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்டது. எத்தனை பேர் இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லித் தங்கள் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. நான் ரத்து செய்தேன். பாட நோட்டைப் படிக்க முடியவில்லை என்றால் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது என்று எந்த ஆசிரியரும் மாணவியிடம் சொல்ல மாட்டார்.

என் தவறு அதற்குப் பிறகு நடந்தது. ஒருவேளை இந்த முறை வந்துவிடும் என்ற ஆசையில் இரண்டு நாளில் பதினைந்து இருபது முறை செருகி எடுத்தேன். நோயாளி டிஸ்க்குக்கு ஒவ்வொரு செருகலும் ஒரு சோதனை. விண்டோஸ் அதைக் கண்டவுடன் படிக்க முடியாத அதே இடத்தை விடாமல் படிக்க முயலும். தட்டைப் படிக்கவும் எழுதவும் செய்கிற தலை அந்தப் பழுதடைந்த பரப்பின்மேல் மீண்டும் மீண்டும் போய்வரும். இது அப்போது எனக்குத் தெரியாது.

பக்கத்து நகரத்தில் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் என்னை எதுவும் கேட்காமலே செருகினார், டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையைத் தட்டினார். ‘ரா’ டிரைவ்களில் அது இயங்காது என்று கணினியே மறுத்துவிட்டது, நல்லவேளை. உடனே அவர், “ஃபார்மேட் செய்துவிட்டு ரெக்கவரி மென்பொருள் போட்டு எடுத்துவிடலாம் மேடம்” என்று சொல்லிக்கொண்டே சுட்டியை நகர்த்தினார். நான் கையை நீட்டிக் கேபிளைப் பிடுங்கினேன். அந்த ஒரு கணத்தை இப்போது எண்ணினாலும் நெஞ்சு படபடக்கிறது. ஃபார்மேட் செய்தபின்னும் மீட்கும் மென்பொருள்கள் உண்டுதான். ஆனால் ஏற்கெனவே படிக்கத் திணறுகிற டிஸ்க்கின்மேல் புதிதாக எழுதச் சொல்வது, எலும்பு முறிந்தவரை ஓடச் சொல்வதைப் போன்றது.

டிஸ்க்கைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தையும் விசாரித்தேன். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. முடியாமல் இருந்தாலும் வேறு டிஸ்க் தருவார்களே தவிர, உள்ளே இருந்ததற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். தரவு மீட்பு என்று விளம்பரம் செய்கிற ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். டிஸ்க்கைப் பார்க்காமலே, ஒரு கேள்வியும் கேட்காமலே 38,000 ரூபாய் என்றார்கள். நோயாளியைப் பார்க்காமல் அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

என் முன்னாள் மாணவி ஒருத்தி சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் இந்த மாடிக்கடையைச் சொன்னாள். டிஸ்க்கைப் பழைய காட்டன் புடவைத் துண்டில் சுற்றி, எவர்சில்வர் டிபன் பெட்டிக்குள் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வழியாகப் பஸ்ஸில் போனேன். நகருக்குள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடந்து போகிற தூரம்தான். ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கு வால்வும் டிரான்சிஸ்டரும் வாங்க என் அண்ணன் போன தெரு அது. இன்று கைபேசித் திரை, கேமரா, கணினி உதிரி என்று நெரிகிறது. நடைபாதையிலேயே கேபிளைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். “என்ன வேண்டும், என்ன வேண்டும்” என்று இருபுறமும் அழைக்கிறவர்களைக் கடந்து, ஒரு சந்துக்குள் நுழைந்து, படியேற வேண்டும்.

கடை என்றால் பத்துக்குப் பத்து அறை. ஈயப்பற்று வைக்கும் வாசனை. ஒரு மேசையில் கண்ணில் உருப்பெருக்கி மாட்டிய ஓர் இளம்பெண் பச்சை நிறச் சுற்றுப்பலகை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். இன்னொரு மேசையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க கடைக்காரர். நான் டிபன் பெட்டியைத் திறந்து டிஸ்க்கை நீட்டினேன். வாங்கியவர் அதைச் செருகவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“கீழே விழுந்ததா அம்மா? உண்மையைச் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.”

விழவில்லை. ஆனால் ஏழு வருடமாகப் பையில் போட்டுக்கொண்டு கரடுமுரடான சாலைகளில் பஸ்ஸில் அலைந்திருக்கிறேன் என்றேன்.

“சத்தம் எப்படி இருந்தது? ஒரே சீரான ரீங்காரமா, அல்லது டக், டக் என்று தாளம் போடுகிறதா?”

தாளம் இல்லை, ரீங்காரம்தான் என்றேன். முகம் சற்றுத் தெளிந்தது. கணினி எதையாவது கேட்டு நான் ‘ஆம்’ என்று அழுத்தினேனா, வேறு கடையில் யாராவது எதையாவது செய்தார்களா, இதில் உள்ளதற்கு வேறெங்காவது நகல் இருக்கிறதா என்று தொடர்ந்தார். நகல் இல்லை என்று நான் சொன்னதும் ஒரு தாளில் அதைப் பெரிதாக எழுதி டிஸ்க்கின்மேல் ஒட்டினார்: ‘ஒரே பிரதி.’ இந்தக் கடையை நான் நம்பத் தொடங்கியது அந்தத் தாளைப் பார்த்தபோது.

பின்னர் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் வெளிக்கூட்டைப் பிளந்தார். உள்ளே இருப்பது மடிக்கணினியில் போடுகிற அதே சிறிய ஹார்ட் டிஸ்க்தான். யுஎஸ்பியாக மாற்றித் தர ஒரு சின்னப் பலகை அதன் வாயில் செருகியிருந்தது. அதைக் கழற்றினால் கணினிக்குள் ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்பில் நேரடியாக மாட்டலாம். பலருக்கு அந்தச் சின்னப் பலகையோ அதன் துளையோதான் பழுதாகியிருக்கும். அதைக் கழற்றிய உடனே எல்லாக் கோப்பும் தெரிந்துவிடும் என்றார். ஆனால் இதை நம்பி நீங்கள் வீட்டில் கூட்டைப் பிளக்க வேண்டாம். சில டிஸ்க்குகளில் யுஎஸ்பி துளை முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற எதுவும் இருக்காது. வேறு சிலவற்றில் அந்தச் சிறு பலகைதான் தரவைப் பூட்டித் திறக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் டிஸ்க்கில் இருப்பது எவராலும் படிக்க முடியாத எழுத்துக் குப்பையாக நிற்கும்.

என்னுடையது நேரடி இணைப்பிலும் திணறியது. ஆகவே பலகை குற்றவாளி அல்ல. அடுத்து டிஸ்க்கின் ‘ஸ்மார்ட்’ குறிப்பேட்டைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைத்துக்கொள்கிறது, நாம்தான் படிப்பதில்லை. ‘05’ என்ற வரிசையில் பழுதடைந்து மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை இருக்கும். ‘சி5’ என்ற வரிசையில், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். எனக்கு 05இல் 16, சி5இல் 904. “தலை வேலை செய்கிறது, தட்டு சுழல்கிறது. தன் பெயரையும் அளவையும் சரியாகச் சொல்கிறது. தட்டின் சில இடங்களை மட்டும் படிக்க முடியவில்லை. அந்த இடங்களில்தான் உங்கள் கோப்பு முறைமையின் வாசல் இருக்கிறது. எடுக்க முடியும் என்று நினைக்கிறேன், முழுவதும் வருமா என்று இன்று சொல்ல மாட்டேன்” என்றார். 5,500 ரூபாய்; பெயரோடு கோப்புகள் வராவிட்டால் ஆய்வுக் கட்டணம் மட்டும் போதும் என்றார். இதைக் கேட்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. கடையில் கூட்டம் இருந்தும் அவர் அவசரப்படவில்லை.

அவர் வேலை செய்கிற முறையின் சாரம் ஒன்றுதான்: முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். பழுதான டிஸ்க்கில் எதையும் சரிசெய்ய முயலக் கூடாது. அதில் எழுதவே கூடாது. அது உயிரோடு இருக்கும்போதே, முதல் நுனியிலிருந்து கடைசி நுனிவரை உள்ளதை உள்ளபடி வேறொரு நலமான டிஸ்க்குக்குப் பெயர்த்துக்கொள்ள வேண்டும். கத்தி வைப்பதெல்லாம் அந்த நகலில்தான். இதற்கு அவர் பயன்படுத்தியது, விண்டோஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸில் இயங்கும் டிடி-ரெஸ்கியூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய கட்டற்ற மென்பொருள். யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். அது செய்வதைத் தேர்வு எழுதும் நல்ல மாணவியோடு ஒப்பிடலாம். தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் முதலில் விடை எழுதிவிடும். திணறும் இடம் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடாமல் தாண்டிப் போகும். எங்கெங்கே விட்டோம் என்று ஒரு கோப்பில் குறித்துவைத்துக்கொள்ளும். எளிதானவை எல்லாம் கைக்கு வந்தபின், விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சிறு சிறு துண்டாக முயலும். நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பேடு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க் நடுவழியில் செத்துப்போனாலும் பெரும்பகுதி அதற்குள் கரை சேர்ந்திருக்கும். விண்டோஸில் இழுத்துப் போட்டு நகலெடுக்கப் பார்த்தால் இதற்கு நேர்மாறாக, முதல் கடினமான இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

நலமான டிஸ்க்காக இருந்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும். என்னுடையதில் முதல் நாளே 98 விழுக்காடு வந்துவிட்டது என்று, அவர் எடுத்த அந்த ஒரே அழைப்பில் சொன்னார். மீதி 2 விழுக்காட்டுக்குத்தான் மற்ற நாட்கள். டிஸ்க் சூடேறினால் நிறுத்தி, ஆறவைத்து, மறுபடி தொடங்கினார்களாம். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை அவர் அறிய மாட்டார். இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, எந்தெந்த ஊரின் கூத்து எந்தப் பக்கத்தில் இருந்தது என்று என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குறுஞ்செய்தி போதும்: ‘இவ்வளவு முடிந்தது, இன்னும் இரண்டு நாள்.’ இதை அவரிடம் நேரிலும் சொன்னேன். டிஸ்க்கைக் கொண்டுவருகிறவர் அதில் தம் வாழ்க்கையை வைத்துவிட்டுப் போகிறார். அவரை இருட்டில் விடக் கூடாது. மதிப்பெண்ணில் குறைத்த அந்த அரை இதற்காகத்தான்.

ஏழாம் நாள் போனேன். நகல் டிஸ்க்கில் டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளை ஓடவிட்டு எனக்குக் காட்டினார். என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு பிரிவின் முதல் பகுதி, அதாவது வாசல், கெட்டுவிட்டால் பயன்படட்டும் என்று அதன் பிரதி ஒன்று பிரிவின் கடைசியில் எழுதப்பட்டிருக்கும். என் வாசல் கெட்டிருந்தது, கடைசியில் இருந்த பிரதி நலமாக இருந்தது. ஒரு விசையை அழுத்திப் பிரதியை முன்னால் பெயர்த்தெழுதினார். கேபிளைக் கழற்றி மாட்டினார். திரையில் என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. ஆண்டு, மாதம், ஊர், கூத்து. நான் எழுதிய பெயர்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த இளம்பெண் எழுந்து வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பெயர்களைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. ரெக்கவரி செய்து தருகிறோம் என்று சொல்லும் பலர் முதலிலேயே கையிலெடுப்பது, தட்டு முழுவதையும் துழாவிப் படம், காணொளி என்று வடிவத்தை வைத்துப் பொறுக்கும் வகையைத்தான். டெஸ்ட்டிஸ்க்கை எழுதிய அதே கிறிஸ்தோஃப் கிரெனியேயின் ஃபோட்டோரெக் அந்த வகையில் மிகச் சிறந்தது. ஆனால் அந்த வழியில் வருகிற கோப்புக்குப் பழைய பெயர் இருக்காது. ‘எஃப்’ என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான். எழுநூறு பெயரற்ற பதினாறு நிமிடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? திருமண ஆல்பம் என்றால் முகத்தைப் பார்த்து அடுக்கிவிடலாம். ஒரே ஒப்பனை, ஒரே கிரீடம், ஒரே விளக்கு வெளிச்சத்தில் ஆடிய 23 இரவுகளை அப்படி அடுக்க முடியாது. அந்த வழி கடைசியில்தான், மற்ற வழியெல்லாம் அடைபட்டால்தான் என்று கடைக்காரர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் டிஸ்க்கைக் கொடுக்கும்போது இதைக் கேளுங்கள்: “கோப்புகள் பழைய பெயரோடும் ஃபோல்டரோடும் வருமா?” முகத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

முழுவதும் வரவில்லை. ஏறக்குறைய 6 எம்பியைக் கடைசிவரை படிக்க முடியவில்லை. எந்தக் கோப்புகளில் அந்த ஓட்டைகள் விழுந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க அவர் செய்த வேலையை ஒரு தமிழாசிரியையாக நான் ரசித்தேன். நகலில் அந்த வெற்றிடங்களை எல்லாம் ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பினார்; பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடச் செய்தார். ஏட்டுச்சுவடி செல்லரித்த இடங்களில் பதிப்பாசிரியர்கள் புள்ளி வைப்பார்களே, அதே நேர்மை. இல்லாததை இருப்பதாகக் காட்டவில்லை. ஐந்து கோப்புகளின் பெயரைத் தாளில் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான்கில் சில நொடிகள் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பாட்டு விக்கி மீண்டும் தொடர்கிறது. என் கேமராவின் கோப்பு வகை துண்டுதுண்டாகத் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் வடிவமாம், அதனால்தான் இவ்வளவோடு தப்பியது. கைபேசிகள் எழுதும் எம்பி4 வகையில், கோப்பின் குறிப்பு இருக்கிற பகுதியில் ஓட்டை விழுந்திருந்தால் முழுக் காணொளியும் ஓடாமல் போயிருக்கும். ஐந்தாவது கோப்பில், கூத்தில் ஊதும் குழலான முகவீணையை வாசித்த ஒருவரின் தனி வாசிப்பு நடுவில் அறுந்துவிட்டது. அது இனிக் கிடைக்காது.

கடையின் மற்ற குறைகள். டிஸ்க்கை வாங்கிக்கொண்டபோது ரசீது தரவில்லை. கேட்டபிறகுதான் வரிசை எண்ணோடு எழுதித் தந்தார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள், டிஸ்க்கின் மேல்சீட்டில் உள்ள எண்ணைப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் தரவின் பிரதி அவர்களிடம் எத்தனை நாள் இருக்கும் என்று எழுத்தில் எதுவும் கிடையாது. நான் கேட்டபோது என் கண்முன்னேயே அழித்துக் காட்டினார்கள். கூத்துக்கு ரகசியம் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கும் குடும்பப் படமும் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் வரக் கூடாது. புதிய டிஸ்க்கின் விலை கீழ்த்தளக் கடையைவிடச் சில நூறு அதிகம். வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பழையதைவிடச் சற்றேனும் சிறிதாக இல்லாமல் பார்த்து வாங்க வேண்டும்.

அவருக்கு ஆகாத வேலையும் உண்டு. நான் காத்திருந்தபோது ஓர் இளைஞர் கட்டிலிலிருந்து விழுந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். மின்சாரம் கொடுத்ததும் டக், டக், டக். கடைக்காரர் இரண்டே நொடியில் இணைப்பைத் துண்டித்தார். “தலை உடைந்திருக்கிறது தம்பி. தூசியில்லா அறையில் திறந்து தலையை மாற்ற வேண்டும். என்னிடம் அந்த அறை இல்லை. இனி எங்கேயும் செருகிப் பார்க்காதே, தட்டைச் சுரண்டிவிடும்” என்று சொல்லி, வேறோர் இடத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த இளைஞர், உறைபெட்டியில் வைத்தால் சரியாகும் என்று நண்பர் சொன்னாரே என்று கேட்டார். “வைத்தால் உள்ளே ஈரம் கட்டும். தலைக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு தூசி அளவுகூட இல்லை” என்றார். பலகையை மட்டும் வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டலாமா என்ற கேள்விக்கும் விடை இருந்தது: அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும், அதையும் பெயர்த்து வைக்காமல் பலகையை மட்டும் மாற்றினால் இன்றைய டிஸ்க்குகள் இயங்காது. இந்த வேலையைத்தான் அந்த இளம்பெண் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு செய்துகொண்டிருந்தார்.

இப்போது என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று வீட்டில், ஒன்று வந்தவாசியில் தம்பி வீட்டில், மூன்றாவது மாணவியின் ஒலிப்பதிவுக் கூடத்தில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்றையும் செருகி, ‘ஸ்மார்ட்’ குறிப்பேட்டில் 05, சி5 இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். சி5இல் சுழியைத் தவிர வேறெந்த எண் வந்தாலும் அன்றே புதிய டிஸ்க் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். கர்ணன் வேடத்தைக் கேட்டு வந்தவருக்கு அவர் தந்தையின் மூன்று இரவுகளையும் பெயரோடு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலை பதினொன்றுக்குள் போனால் கடைக்காரர் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். கேபிளையும் கூடவே கொண்டுபோங்கள், அதையும் சோதிக்கிறார்.